மிக்கேலைச் சூழ்ந்த கறுப்பு

2006 தவக்காலம். ஸ்டுட்கார்ட்டில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான், ஒரு மனிதன் நாசமாகப் போக வேண்டும் என்று தினமும் செபித்தேன். அதை மறைத்தால் இது சாட்சி ஆகாது, சகோதரர்களே.

நான் தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பழைய ஓவியங்களின் வண்ணத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. அப்போது நாங்கள் சோதித்தது பக்கத்துக் கோவிலில் மாட்டியபடியே இருந்த பீடப் படம். அதிதூதர் மிக்கேல் சாத்தானைத் தள்ளுகிறார். அந்தக் காலத்து ஓவியர்களுக்கு வெட்கம் கிடையாது. விழுகிறவன் வாய் பிளந்து நம்மீதே விழுகிறான். ஜெர்மன் நண்பர்கள் ரொம்ப மிகை என்றார்கள். எங்கள் ஊர்ச் சாவு வீட்டை அவர்கள் பார்த்ததில்லை.

சுற்றியிருந்த கறுப்பு வெறும் புகை, துடைத்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது எலும்பை எரித்துச் செய்யும் கரிச் சாயம், ஓவியரே பூசியது, அந்த இருட்டிலிருந்துதான் அலறல் வருகிறது என்று கண்டுபிடித்தது நான். முதலில் சொன்னது ஆனந்த் அண்ணனிடம். ஆய்வகத்தில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர், மூத்தவர். மறுவாரக் கூட்டத்தில் அதைத் தன்னுடையது என்றார். நான் மறுத்தேன். என் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்தார்கள். அந்த வாரப் பக்கங்கள் வெறுமை. நான் பொய்யன் ஆனேன். ஈஸ்டரோடு வேலை முடிகிறது என்றார் பேராசிரியர். வேலை போனால் விசாவும் போகும்.

அநியாயம் செய்தவன் விழட்டும் என்று, அவன் பேரைச் சொல்லி மெழுகுதிரியைத் தலைகீழாகக் கொளுத்துவது எங்கள் கடற்கரை வழக்கம். மிக்கேலுக்கு முன்னால் நானும் கொளுத்தினேன். ஐந்தாம் நாள், கோவிலைச் சுத்தம் செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா, கொட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். “ஆரை விழுத்தச் சொல்லிக் கேக்கிறீர், தம்பி?”

எல்லாம் சொன்னேன். எழுதி வைத்தது ஒன்றுமில்லையா என்றார். தமிழில் கிறுக்கியதுதான் இருக்கிறது என்றேன்.

“ஏன், தமிழிலை எழுதினால் அது எழுத்தில்லையோ?”

அறைக்கு ஓடித் தமிழ் நோட்டைத் திறந்தேன். முதலில் தமிழில் எழுதி, வார இறுதியில் ஆங்கிலத்தில் படியெடுப்பது என் பழக்கம். “என்னடா, இன்னும் தமிழ் மீடியமா?” என்று ஆனந்த் அண்ணன் ஒருநாள் சிரித்ததிலிருந்து அந்த நோட்டை ஒளித்துவைத்திருந்தேன். அந்த வாரம் காய்ச்சல், படியெடுக்கவில்லை. ஆனால் படத்திலிருந்து வண்ணத் துணுக்கு எடுத்துத் தரும் ஜெர்மன் பெண்மணி, வழக்கம்போல தேதி போட்டு, தமிழ்ப் பக்கத்தின் அடியிலேயே கையெழுத்திட்டிருந்தார்.

பேராசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. ஆனந்தே படித்துச் சொல்லட்டும் என்றார்.

நான் எதிரே உட்கார்ந்தேன். அண்ணன் கறுப்பைப் பற்றிய வரிகளை மொழிபெயர்த்தார். அடுத்த வரியில் நின்றுவிட்டார். “இன்று ஆனந்த் அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்” என்று எழுதியிருந்தேன்.

“மீதியையும் படிங்கண்ணே,” என்றேன்.

அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். இனித்தது.

தேதியையும் திறந்த அந்த வாயையும் பார்த்த பேராசிரியருக்கு அதுவே போதுமாயிருந்தது. என் வேலை நிலைத்தது. அண்ணன் வேறு ஊருக்குப் போனார். அன்றிலிருந்து செபிக்காமல் நான் ஆய்வகத்துக்குள் நுழைவதில்லை. மன்னிக்கும் வரத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி. என் கை அண்ணன்மேல் படவிடாமல், தம் கையாலேயே நியாயம் செய்தார். நெஞ்சு எரிகிறவர்களே, ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த எரிச்சலோடேயே அவரிடம் வாருங்கள்.