மரியதாஸ் மகளைத் தூக்கிய கதை

என் தங்கை புருஷன் மரியதாஸ் பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நானே அதிகம் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில், "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்காரு உம் புருஷன்?" என்று தங்கை சகாயசெல்வியிடம் கேட்டேன். "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் பேசுறியேக்கா" என்றாள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கிறவள் நான். வாய் இல்லாமல் இட்லி விற்க முடியுமா?

மரியதாஸுக்கு உப்பளத்தில் வேலை. விடிவதற்குள் போய்ப் பாத்தியில் இறங்கி, நீளக் கொம்பு போட்ட பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பெரிதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் உப்பிடுகிற இந்த மனுஷனை எவன் நினைத்தான்? கையும் காலும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதற்கெல்லாம் அவர் முகம் சுளித்ததில்லை. மழைக்கு மட்டும்தான் சுளிப்பார். வாரிக் குவித்த உப்பின் மேல் கோடை மழை இறங்கிவிட்டால், நனைந்தபடி வரப்பில் நின்று அது கரைவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அளத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை விட்டு வந்தால், நல்ல தண்ணீரில் குளிக்காமல் செடி கொடியைத் தொட மாட்டார்கள். கைக்குழந்தையின் பக்கமே போக மாட்டார்கள். உப்பேறிய உடம்பு பட்டால் பிஞ்சு வாடிவிடும் என்று ஒரு பயம். மரியதாஸுக்கு அந்தப் பயம் குளித்த பிறகும் போகாது. வாசலில் வைத்த முருங்கைக் கன்று பட்டுப்போனபோது தன் கையைத்தான் குற்றம் சொன்னார். ஆடு கடித்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சொன்னால் நம்பவில்லை.

இந்த வருஷம் கத்திரி வெயிலில், கர்ப்பமாக இருந்த செல்விக்கு எட்டாம் மாசம் தொடங்கியதும் முகமெல்லாம் வீங்கியது. பிரஷர் ஏறி, ஒருநாள் காலையில் ஃபிட்ஸ் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் ஈ.சி.ஆர் ரோட்டில் பறந்து பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அவரும் அவர் பிள்ளைகுட்டியும் நன்றாக இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. தாய் ஒரு மாடியில், பிள்ளை இன்னொரு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள்.

அந்த வார்டில் கலைமதி என்று ஒரு நர்ஸ். கிளியனூர்ப் பெண். குழந்தைக்கு மூச்சு சரியானதும் எங்களைக் கூப்பிட்டுப் பேசியது அவர்தான்.

"பாப்பாவுக்கு ஒடம்புல சூடே நிக்கலங்க. வெயிட்டும் ஏற மாட்டேங்குது. இனிமே யாராவது நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கணும். சட்ட இல்லாம, தோலு மேல தோலு படணும். தெனமும் மணிக்கணக்கா ஒக்காரணும். அம்மாவால இப்ப எழுந்திரிக்கவே முடியாது."

"நான் வச்சுக்கிறேன் சிஸ்டர்" என்று முன்னால் போனேன். போனவளுக்கு அந்த நேரம் பார்த்துத்தானா இருமல் வர வேண்டும்?

"நீங்க கண்ணாடிக்கு வெளியவே இருங்கம்மா. அப்பா வரட்டும்."

மரியதாஸ் பின்னால் நகர்ந்தார். "நான் அளத்து ஆளுங்க சிஸ்டர். ஒடம்பெல்லாம் உப்பு."

"அதனால என்ன? நல்லா குளிச்சிட்டு வாங்க" என்றார் கலைமதி.

சொன்னது அவ்வளவுதான். மனுஷன் போனார், வெகு நேரம் கழித்து வந்தார். புதுச் சட்டை, வாரிய தலை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றியதும் கலைமதி அப்படியே நின்றுவிட்டார். மார்பு முழுக்கச் சிவந்து, அங்கங்கே ரத்தம் துளிர்த்திருந்தது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"என்னங்க இது?"

"உப்பு போவட்டும்னு..."

"இந்தப் புண்ணு மேல பாப்பாவ எப்படிங்க வைக்கிறது? இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். இது ஆறணும்."

கதவைத் திறந்துகொண்டு மரியதாஸ் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "புள்ளையத் தூக்குன்னா, ஏனம் வெளக்குற மாதிரி ஒடம்ப வெளக்கிட்டு வந்து நிக்கிறியே தம்பி! உன்ன என்னா பண்றது?" வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும். அன்று காலையில் எடை பார்த்தபோது குழந்தை இன்னும் இளைத்திருந்தது. இப்படியே போனால் தாங்குமா என்று டாக்டரே யோசித்தார். மரியதாஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் கலைமதிக்கு டியூட்டி முடிந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். வீட்டில் அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கின்றன. படிக்கட்டு வரைக்கும் போனவர் திரும்பி மரியதாஸைப் பார்த்தார். பிறகு வார்டுக்குள் போய், பையை மேஜைமேல் வைத்தார். உடை மாற்றி, திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் குழந்தையைத் தன் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது குனிந்தே இருந்தது. மரியதாஸின் புண் ஆறுகிற வரைக்கும் தினமும் டியூட்டி முடிந்து அப்படி உட்கார்ந்தார். யார் பெற்ற பிள்ளைக்கு யார் சூடு? அவருக்கு என்ன தலையெழுத்தா? நான் அன்றைக்கு அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மார்பு ஆறியதும் கலைமதியே பார்த்துச் சரி என்றார். மரியதாஸ் அப்போதும் தயங்கினார்.

"புள்ள வாடிடாதே சிஸ்டர்?"

"கண்ணீர நக்கிப் பாத்ததில்லையா நீங்க? மனுஷன் ஒடம்புன்னா உப்பு இருக்கத்தாங்க செய்யும். உங்க பொண்ணு ஒடம்புலயும் இருக்குது. பயப்படாம ஒக்காருங்க."

உட்கார்ந்தார். பாத்தியில் உப்பு பூக்கிற சமயத்தில் யாரும் தண்ணீரைக் கலக்க மாட்டார்கள், காலை வைக்க மாட்டார்கள். அது தானாகப் படிகிற வரைக்கும் விட்டுவிட வேண்டும். மரியதாஸ் அப்படித்தான் உட்கார்ந்தார். அசையவில்லை, சொறியவில்லை, கால் மாற்றவில்லை. அவரைக்காய்ப் பிஞ்சு போல இருந்த விரல்களால் குழந்தை அவர் மார்பு முடியைப் பிடித்துக்கொண்டது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் அதிசயம். கலைமதி வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"என்னங்க, உங்க தம்பி பேசவே மாட்டாருன்னீங்க? வாயே மூட மாட்டேங்குறாரு."

கதவோரம் நின்று காதைக் கொடுத்தேன். "இன்னிக்கு கொண்டல் காத்துடி கண்ணு. ஈரக் காத்து. பாத்தி சீக்கிரம் காயாது. உங்க பெரிம்மா வெளியதான் நிக்குறா. கத்துவா, ஆனா நல்லவ." இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பேச்செல்லாம் அந்தப் பொடிசுக்குத்தான் போலிருக்கிறது.

குழந்தை இளைப்பது நின்றது. பிறகு மெல்ல மெல்ல எடை ஏறியது. செல்வியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவள் புருஷனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "என்னாய்யா, நீயே பெத்த மாதிரி ஒக்காந்திருக்க?" சிரித்தாள், உடனே அழுதாள். பிள்ளையை அவள் மார்புக்கு மாற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று மரியதாஸ் ஒரு மஞ்சள் துணியில் எதையோ முடிந்து கொண்டுவந்தார். அவிழ்த்தால், கல் உப்பு. அவர் கையால் வாரியது. பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "சர்ச்சுல பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டப்போறாரு தம்பி" என்றேன். அவர் பிள்ளையை என் கையில் கொடுத்தார். இருமல் போய்விட்டதால் இப்போது எனக்கும் அனுமதி உண்டு. கொடுத்துவிட்டு நேராகக் கலைமதியிடம் போனார்.

"சிஸ்டர், கெழக்க பாத்து நில்லுங்க."

"எனக்கா? எனக்கு எதுக்குங்க?"

"எத்தினி புள்ளைங்களத் தூக்குறீங்க. உங்க மேல ஒரு கண்ணும் படக்கூடாது."

கலைமதி கிழக்கே திரும்பி நின்றார். மரியதாஸ் வெடித்த கையில் உப்பை அள்ளி, அவர் தலையை மூன்று முறை சுற்றினார். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். வார்டு வாசலில், தினமும் மரியதாஸ் கை கழுவிவிட்டு உள்ளே போகிற தொட்டி இருந்தது. அதில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். கடைசிக் கல் போகிற வரைக்கும் நகரவில்லை.

உப்பு கரைவதைப் பார்த்து மரியதாஸ் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.