மூன்றாவது டிராக்கில் வந்த குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பழவேற்காட்டில் பாட்டுப் பதிவு செய்து தரும் அர்ஷியாவின் வீட்டுக்குப் போனால், அவள் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் அந்தப் பதிவைக் காதில் மாட்டிக் கேட்கலாம். இதுவரை அதை முழுதாகக் கேட்டவர்கள் இரண்டே பேர்.

டிசம்பர் மாதம். லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலைப் பார்த்த சர்ச் ஹால். கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்ய பிலோமினாவும் இன்னும் மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். அர்ஷியாவிடம் இருந்தது கம்ப்யூட்டரே இல்லாமல் தனியாக ஓடும் இசைப் பதிவு மிஷின். அதில் இரண்டு மைக் மட்டும்தான் போடலாம். நான்கு பேருக்கு நான்கு மைக் வேண்டும் என்று பழைய சாமான் கடையில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கூடுதல் மைக்குகளை மிஷினில் சேர்க்கும் பெட்டி, வாங்கி வந்திருந்தாள்.

மிஷினோடு இணைத்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் மிஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பொன்னேரியில் ஆடியோ சாமான் ரிப்பேர் பார்க்கும் வேணுவுக்குப் போன் போட்டாள்.

"டிரைவர் சாஃப்ட்வேர் கேக்கற பொட்டியாம்மா அது? கம்ப்யூட்டர்ல போட்டாதான் ஓடும். தனி மிஷினுக்கு, சொருகுன உடனே ஓடற மாதிரி பாத்து வாங்கணும். அதை ஓரமா வச்சிடு."

அர்ஷியாவுக்கு எரிச்சலாக வந்தது. பெட்டியிலிருந்த மைக்குகளைக் கழற்றினாள். மிஷினின் இரண்டு மைக்குக்கும் இரண்டிரண்டு பேராக நிறுத்தினாள். பெட்டியின் ஒயரைப் பிடுங்க மட்டும் மறந்துவிட்டாள்.

பிலோமினாவுக்குப் பாட்டில் மனம் நிற்கவில்லை. சரணத்துக்குச் சரணம் வாசலைப் பார்த்தாள். அவள் கணவன் ராபர்ட் விடியற்காலையில் தனியாகப் படகெடுத்துப் போயிருந்தான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். மத்தியானமே திரும்பியிருக்க வேண்டும். வெளியே கடல் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

"இன்னொரு வாட்டி பாடிடலாம்க்கா" என்றாள் அர்ஷியா.

ஆறேகால் மணி. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அர்ஷியா மிஷின் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு டிராக், சத்தம் வந்தால் அதன் கோடு ஆடும்.

முதல் டிராக் ஆடியது. இரண்டாவது ஆடியது.

மூன்றாவதும் ஆடியது...

அது பெட்டிக்கென ஒதுக்கியது. அதில் மைக்கே இல்லை. கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினாள். முதல் இரண்டும் அடங்கின. மூன்றாவது அடங்கவில்லை.

ஹெட்போனில் அதை மட்டும் தனியாக வைத்துக் கேட்டாள்.

சளக்... சளக்... பலகையில் தண்ணீர் மோதும் சத்தம். பிறகு ஒரு மூச்சு. ஆம்பளை மூச்சு. குளிரில் நடுங்குகிற மூச்சு.

"பிலோ... லைட்டு காட்டு..."

அர்ஷியா ஹெட்போனைக் கழற்றினாள். பிலோமினாவிடம் நீட்டினாள்.

பிலோமினா கேட்டாள். முகம் வெளுத்தது.

"எங்க வூட்டுக்காரரு..."

"அக்கா, அது..."

"அவரு குரல் எனக்குத் தெரியாதா? லைட்டு எங்கடீ? லைட்ட எடு!"

பாட்டுப் புத்தகத்துக்கு வெளிச்சம் காட்ட வைத்திருந்த பேட்டரி விளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். ஹால் கதவு திறந்து கிடந்தது. மிஷினை யாரும் நிறுத்தவில்லை.

கரையில் ஒன்றுமே தெரியவில்லை. பிலோமினா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விளக்கை ஆட்டினாள். "ராபர்ட்! ராபர்ட்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பதில் இல்லை.

அலை மட்டும்.

அவள் குரல் கம்மிப் போய்விட்டது. ஆனாலும் ஆட்டினாள். கை மாற்றி, கை மாற்றி ஆட்டினாள்.

கடைசியில் பனிக்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது. ஃபைபர் படகு. ஒற்றைத் துடுப்போடு ராபர்ட்.

இஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டதாம். எந்தப் பக்கம் கரை என்றே தெரியவில்லையாம். ஒரு வெளிச்சம் ஆடியதாம். அதைப் பிடித்து வந்தானாம்.

"லைட்டு காட்டச் சொல்லிக் கூப்பிட்டியே" என்று அழுதாள் பிலோமினா.

ராபர்ட் அவளை விழித்துப் பார்த்தான்.

"நானா? வாயே தொறக்கலியே."

மறுநாள் அர்ஷியா பெட்டியையும் மிஷினையும் வேணுவிடம் கொண்டுபோனாள். அவன் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தான். டார்ச் அடித்து மறுபடி பார்த்தான்.

"இன்னாண்ணே?"

"டேட்டா ஒயர் ரெண்டும் அறுந்து கெடக்குது. பச்சைக் களிம்பு படிஞ்சிருக்கு, அறுந்து பல வருஷம் ஆயிருக்கும். விளக்கு எரியும், அவ்ளோதான். இதுலேர்ந்து ஒரு பொட்டுச் சத்தம்கூட மிஷினுக்குப் போவாது."

அர்ஷியா மிஷினைப் போட்டுக் காட்டினாள். இருவரும் கேட்டார்கள். குரல் இருந்தது. அவர்கள் ஓடிய சத்தம் இருந்தது. நிறுத்தாமல் விட்டதால் காலி ஹாலும் பதிவாகியிருந்தது. கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

பிறகு, முதல் டிராக்கில்... உண்மையான மைக்கில்... ஈரக் காலடிகள்.

வாசலிலிருந்து உள்ளே.

சளப்... சளப்... மைக்குக்கு நேராக வந்து நின்றன.

"பிலோ... நான் வந்துட்டேன்."

ராபர்ட்டின் குரல்.

அதற்குப் பின்னால், தூரத்தில், கரையிலிருந்து பிலோமினா கத்துவது மெல்லக் கேட்டது. "ராபர்ட்! ராபர்ட்!" அப்போது படகு இன்னும் வந்து சேரவில்லை.

வேணு பதிவைக் கடைசி வரை ஓடவிட்டான். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

உள்ளே வந்த காலடி, வெளியே போகவே இல்லை.