காற்றடிக்கும்போது மட்டும்

வள்ளியூர் பேருந்தில் ஒரு பெரியவர் தினமும் என் பக்கத்தில் உட்காருவார். காற்றாலையில் காவல் வேலை. வெளுத்த காக்கிச் சட்டை, நரைத்த மீசை. ஊர் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் காற்றாடிகளைப் பார்ப்பார். அவை சுற்றினால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். நின்றிருந்தால் போன் சட்டைப்பையிலேயே கிடக்கும்.

ஒருநாள் காரணம் கேட்டுவிட்டேன்.

"எம் பொண்டாட்டி போன்ல பேசி அனுப்புனது, தம்பி. அவ போயி ரெண்டு வருசம் ஆவப்போவுது. போன்ல எடமில்லன்னு கடைக்காரன் அவ பேச்ச கிளவுட்ல ஏத்திட்டான். நான் மேகம்னுல்லா நெனச்சேன். அது எங்கயோ பெரிய பெரிய கம்ப்யூட்டராம். கேக்கும்போதெல்லாம் கரண்டு இழுக்குமாம்."

"கொஞ்சம்தான் இழுக்கும் அண்ணாச்சி. காத்தாடி நிக்கும்போதும் கேக்கலாம்லா?"

"அப்ப கரண்டுக்குக் கரியல்லா எரிப்பாவ. அவளுக்கு இளைப்பு, தம்பி. அடுப்புப் பொகைக்கே மூச்சு முட்டும். அவ கொரலக் கேக்கதுக்குப் பொகை போடவா?"

மின்சாரம் அப்படிப் பிரிந்து வருவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நானும் காற்றாடிகளைப் பார்த்தேன்.

கார்த்திகையில் காற்று விழுந்துவிட்டது. வாரக்கணக்கில் ஒரு இறக்கையும் அசையவில்லை. ஒரு காலையில், "இன்னைக்கி அவ தெவசம்" என்றார்.

"அந்தா, கடைசியில ஒண்ணு சுத்துது அண்ணாச்சி" என்று பொய் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார். நம்பித்தான் வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கும் கேட்டது. முதலில் இளைப்பு, பிறகு குரல்.

"பைய வாங்க. இங்கன காத்து பலமா அடிக்கி."