கப்பலில் வைக்காமல் விட்ட படகு

எங்கள் வீடு பாலக்கரையில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தது. செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதும் அதில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது. குனிந்த தலை நிமிராமல் ஒரு பகலை ஓட்டிவிடலாம்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணன் பம்பாய் போய்ச் சரக்குக் கப்பலில் சேர்ந்தான். சமையற்கட்டில் வேலை. மாதம் ஒரு கடிதம் வரும். ஒரு வைகாசியில் வந்த கடிதத்தில், “இப்ப ஏறியிருக்கிறது கொஞ்சம் பழைய கப்பல், பயப்பட வேண்டாம்” என்று எழுதியிருந்தான். படித்துக் காட்டியதும் அம்மா பயந்துவிட்டாள். அன்று மாலையே கோயிலில் போய் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள். ஆவணியில் வரும் திருநாளுக்கு மாதாவுக்கு ஒரு கப்பல் செய்து வைப்பது, பிள்ளை பத்திரமாக வந்து சேரவேண்டும்.

கை கால் சுகமாக மெழுகில் கையும் காலும் வைப்பது எங்கள் வழக்கம். கடலில் போனவனுக்குக் கப்பல். அண்ணன் இருந்தது இரும்புக் கப்பல்தான். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த கப்பல், காலண்டரில் மாதாவின் காலடியில் புயலில் தத்தளிக்கும் பாய்மரக் கப்பல்.

“நேர்ந்த பொருள்ல ஒரு குறையும் இருக்கக்கூடாது பாப்பா. அவன் உடம்புல ஒரு குறையும் இல்லாம வரணும்ல?” என்றாள்.

கப்பலின் உடம்பை ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆசாரி செய்துகொடுத்தார். கோயில் வாகனங்களைப் பழுது பார்ப்பவர். ஒரு முழ நீளத்தில் தேக்கில் குடைந்து, மூன்று பாய்மரமும் நட்டு வைத்திருந்தார். வாங்கப் போனபோது அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“குதிரை செஞ்சிருக்கேன், யானை செஞ்சிருக்கேன். கப்பல் இதாம்மா முதல் தடவை. காவேரியில விட்டுப் பாக்கலாம்னா அங்க மணல்தான் கிடக்கு.”

“சாமான் எல்லாம் இவ செஞ்சிடுவா” என்று அம்மா என்னைக் காட்டினாள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“செய்யட்டும். ஆனா இவ்ளோ பெரிய கப்பல்னா மேல ஒரு சின்னப் படகு கட்டி வச்சிருப்பான். ஆபத்துன்னா இறங்க. அதையும் செஞ்சுடும்மா” என்று விரல் நீளத்துக்கு ஒரு தேக்குத் துண்டைக் கொடுத்தார்.

பஸ்ஸில் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அம்மா வழியெல்லாம் “படகு, படகு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

காலையில் கல் வேலை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கப்பல் வேலை. கயிறு ஓடும் கப்பிகளைக் கொட்டாங்கச்சியில் செய்தேன். ஒவ்வொன்றும் மிளகளவு. கையால் பிடிக்க முடியாது. கல்லை ஒட்டுவது மாதிரியே குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, அரத்தால் உருட்டி, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளை போட்டேன். நாற்பது கப்பி. குடைக்கம்பியை வளைத்து நங்கூரம். ஈர்க்குச்சியை நறுக்கிச் சுக்கான் சக்கரத்துக்கு எட்டு ஆரம். தையல் நூலில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்து முறுக்கினால் கப்பல் கயிறு. பின்பக்க விளக்குக்குப் பித்தளைக் கம்பியில் கூடு கட்டி, உள்ளே மூலை உடைந்த ஒரு வெள்ளைக் கல்லை வைத்தேன்.

காலண்டர் படத்தில் பக்கவாட்டில் பீரங்கிகள் இருந்தன. அம்மா பார்த்துவிட்டு, “அதெல்லாம் வேண்டாம். அவன் என்ன சண்டைக்கா போயிருக்கான்? சோறாக்கப் போயிருக்கான்” என்றாள். சிரித்தோம். அந்த வருஷம் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனியில் கடிதம் வந்தது. ஆடியில் வரவில்லை.

படகைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதைத்தான் நன்றாகச் செய்யவேண்டும் என்ற எண்ணம். அந்தத் தேக்குத் துண்டைக் குச்சியில் ஒட்டி, உள்ளே குடைந்து, சுவர் காகிதம்போல ஆகும்வரை தேய்த்தேன். உட்காரப் பலகை இரண்டு. திருநாளன்று மத்தியானம் முடிந்தது. நாலு மணிக்குக் காணிக்கைப் பவனி. அரக்கிலிருந்து எடுத்து, கப்பலின் மேல்தட்டில் கட்டவேண்டியது மட்டும்தான் பாக்கி.

கல்லை எடுக்கும்போது குச்சி முனையை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். அரக்கு இளகும், கல் கையில் வந்துவிடும். கல்லுக்குச் சூடு ஒன்றும் செய்யாது. ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம், கை யோசிக்கவில்லை. படகைத் தீயில் காட்டினேன். ஒரு ஓரம் கருகி, அடிப்பாகம் நீளவாக்கில் டப்பென்று பிளந்தது.

உள்ளறையில் அம்மா புடவை கட்டிக்கொண்டிருந்தாள். “எல்லாம் வச்சிட்டியாடி?” என்று குரல் கொடுத்தாள்.

“வச்சிட்டேம்மா” என்றேன்.

படகு இருக்கவேண்டிய இடத்தில், மிச்சமிருந்த கயிற்றை வட்டமாகச் சுருட்டி ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மாவுக்குக் கண்பார்வை மங்கல். பவனியில் அவள்தான் கப்பலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். விரல்கள் மேல்தட்டைத் தடவிக்கொண்டே வந்தன. நான் பக்கத்தில் நடந்தேன். பங்குச் சாமியார் மந்திரித்து, பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். கோயில் சாவிகளை வைத்திருக்கும் கோயில்பிள்ளை பூட்டினார்.

மறுநாள் போய்க் கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திறந்துவிட்டிருப்பார். மரத்துண்டு வேறு வாங்கி, இரண்டே நாளில் செய்திருக்கலாம். அவர் அறை வாசல்வரை மூன்று முறை போனேன். என்ன விஷயம் என்று கேட்பாரே, நாலு பேர் முன்னால் சொல்லவேண்டுமே என்று திரும்பிவந்தேன்.

தேடுதலெல்லாம் முடிந்த பிறகு, புரட்டாசியில் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது; என்றைக்கு என்று அதில் இல்லை. அண்ணன் பெயர் பிழைத்தவர்கள் பட்டியலில் இல்லை. ஒரு மாதம் கழித்து, அவனோடு வேலை செய்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். காப்பியைத் தொடவேயில்லை.

“ரெண்டு போட் இருந்துச்சும்மா. எங்க பக்கத்து போட்டுல ஒன்பது பேர் ஏறிட்டோம். உங்க பையன் நின்ன பக்கத்து போட்டை அலை முன்னாடியே அடிச்சிட்டுப் போயிருச்சு. எட்டிப் பார்த்தா அங்க வெறும் கயிறுதான் தொங்குது.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “எந்த மாசம்ப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆடி பிறந்து மூணாம் நாள்.”

நான் சக்கரத்துக்கு ஈர்க்குச்சி நறுக்கிக்கொண்டிருந்த வாரம் அது. படகை நான் தொட்டதே அதற்கு ஒரு மாதத்துக்குப் பிறகுதான். அதை நினைத்துப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

அவர் போனபிறகு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, “அம்மா, அந்தப் படகு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்டி. தூக்கிட்டுப் போறப்பவே தெரியும். விரல்ல கயிறுதான் பட்டுது.”

“ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா திரும்பணும். அத்தனை பேர் பாக்க, குறையுள்ள காணிக்கைன்னு திரும்பணும். வெக்கப்பட்டேன். அப்புறம் எடுத்து வைக்கலாம்னு நினைச்சேன். உங்கிட்டச் சொன்னா அழுவியேன்னு விட்டேன்.” என் தலையில் கைவைத்து, “நாம ரெண்டு பேரும் சேந்துதான் மறைச்சோம் பாப்பா” என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு அழ ஒரு இடம் கிடைத்திருக்கும்.

மறு வருஷம் இன்னொரு படகு செய்தேன். இந்தத் தடவை அரக்கை ஊசியால் சுரண்டியே எடுத்தேன். அம்மாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து, விரலால் அடியைத் தடவிப் பார்த்தாள். “நல்லா இருக்கு. வைக்க வேண்டாம். இனிமே யாரு இறங்கப் போறா?” என்று திருப்பிக் கொடுத்தாள். அதன்பிறகு எட்டு வருஷம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெட்டி இருக்கும் பக்கம் உட்காரமாட்டாள்.

படகு என் கல் டப்பாவில் இருக்கிறது. கப்பல் இன்னும் கோயிலில்தான் இருக்கிறது. போன திருநாளுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தாள்.

“எவ்ளோ பொடி வேலைங்க! அந்தக் கயித்தைக்கூட எவ்ளோ அழகா சுருட்டி வச்சிருக்காங்க பாருங்க” என்றாள் என்னிடம்.

“ஆமாங்க” என்றேன்.