நோய்ப் பெட்டியின் தேன்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் யூசுப் படிப்பானே என்ற பயம்.

யூசுப்பும் நானும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். அவன் வீட்டுப் பின்பக்கம் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தான். ஒருநாள் நான் போனபோது, ஒன்றில் தேனீக் குஞ்சுப் புழுக்கள் நீர் கோத்த பைபோல உப்பிச் செத்துக்கொண்டிருந்தன. அதை மட்டும் தனியாகத் தள்ளி வைத்திருந்தான்.

"அத்த தொடாத மச்சான். வைரஸு. மருந்தே கெடையாது."

"அய்யய்யோ! ஒவ்வொண்ணுக்கும் மாஸ்க் மாட்டி வுடட்டா?"

அவன் சிரித்துக்கொண்டே டீ எடுக்க உள்ளே போனான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு கொட்டு வாங்கிக்கொண்டு, நோய்ப் பெட்டியின் தேனடையில் ஒரு துண்டைப் பிய்த்து, நல்ல பெட்டியின் வாசலில் வைத்தேன்.

"பக்கத்து வூட்டு பிரியாணி, சாப்புடுங்க" என்றேன். தேனீக்கள் மொய்த்து உறிஞ்சின. அவன் வருவதற்குள் சக்கையை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டேன்.

சில வாரங்களில் அந்தப் பெட்டியிலும் புழுக்கள் செத்தன. மிச்சமிருந்த தேனீக்கள் கூட்டை விட்டே பறந்துவிட்டன. யூசுப் காலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்தான்.

"நான்தான் கைய சரியா கழுவாம ரெண்டயும் தொட்டுட்டேன் போல, மச்சான்."

என் பழியை அவன் சுமக்க விட்டேன். செத்த புழுக்களைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நேற்று இதுவரை எழுதியதை முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். பதிலுக்கு ஒரே வரி வந்தது:

"புதுப் பெட்டி வெக்கப்போறேன், வரும்போது கைய நல்லா கழுவிக்கினு வா."