எறியாத எண்ணெய்க் குடுவை

மாமா எங்கள் வீட்டில் வந்து படுத்திருந்த மாதங்களில்தான் நான் எறும்புகளோடு போரிடக் கற்றுக்கொண்டேன். நிஜ எறும்புகள் அல்ல. கொச்சி இடப்பள்ளியில் செல்போன் கடையில் வேலை பார்த்தபோது கூட்டாளிகளிடமிருந்து மாமா பிடித்துவந்த விளையாட்டு அது. கட்டம் போட்ட தாள், இருபது முகப் பகடை, மற்றதெல்லாம் வாய்ச்சொல்தான். அண்ணன் கதையை நடத்துவான். மாமா போர்வீரன். ஒன்பது வயதான நான் யாருக்கும் அஞ்சாத வாள்காரி, பல்லியைத் தவிர.

மாமாவுக்கு ரத்தப் புற்றுநோய். எனக்குச் சொல்லியிருந்தது ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று மட்டும். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து மருந்து ஏற்றிக்கொண்டதில் முடியெல்லாம் போய், வாய் முழுக்கப் புண்ணாகி, சாயாவைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். அந்த மொட்டைத் தலையைத் தடவ எனக்கு மட்டும் அனுமதி உண்டு.

அன்று அண்ணன் எறும்புக் கூட்டத்தை இறக்கினான். அப்பாவுக்கு மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் வேலை என்பதால் எங்கள் வீட்டில் எறும்பாக வைக்க மிளகுக்குப் பஞ்சமில்லை. மாமாவின் வீரன் நின்ற கட்டத்தில் ஒரு பிடி மிளகைக் கொட்டினான். நான் வாளை வீசி, ஒரு மிளகைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன். பிறகு இன்னொன்று. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மண்டீ! ஒவ்வொண்ணா கொன்னா எப்ப தீரும்? கூட்டம் முழுசுக்கும் ஒரே உயிருதான்."

விதி அப்படித்தான். கூட்டத்தை வாளால் வெட்டினால் பாதி அடிதான் விழும். தீ வைத்தால் இரண்டு மடங்கு. ஆனால் கூட்டம் ஆள்மேலேயே ஏறி நிற்பதால் தீ அந்த ஆளையும் சுடும். கொளுத்தி எறிய என்னிடம் ஒரே ஒரு எண்ணெய்க் குடுவை இருந்தது.

"எறி மோளே," என்றார் மாமா.

"உங்களுக்குச் சுடுமே மாமா."

"சுட்டா சாரமில்ல. நான் தாங்கிக்குவேன். நீ எறி."

விளையாட்டில் அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு வரவில்லை. வாளையே வீசினேன். எறும்புகள் கடித்துக்கொண்டே இருந்தன. ஐந்தாவது சுற்றில் மாமாவின் வீரன் செத்துப்போனான்.

மாமா கொஞ்ச நேரம் மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போட்டே, போகட்டும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவ்வளவு பெரியவருக்குத் தோற்றால் கோபமா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

நேரே சமையலறைக்கு ஓடினேன். அம்மா கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா தீய எறி எறின்னாரும்மா. நான் எறியவே இல்ல. பாவம், சுடும்ல?"

அம்மா கத்தியைப் போட்டுவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். எந்தப் பரீட்சை மார்க்குக்கும் எனக்கு அப்படி ஓர் அணைப்பு கிடைத்ததில்லை. ஒரு வாரம் அண்ணனிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மாமா இறந்துபோனார்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மாவே சொன்னாள். மூன்றாம் முறை மருந்து ஏற்ற டாக்டர் கூப்பிட்டிருக்கிறார். ஏற்றினால் பிழைக்க வழியுண்டு என்றும் சொல்லியிருக்கிறார். மாமா இன்னும் ஒரே ஒரு தடவை ஏற்றிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அம்மா. அவன் மறுபடி வெந்து துடிப்பதைப் பார்க்க முடியாது, வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசி மாமாவுக்குப் பழக்கமில்லை. நான் சமையலறைக்கு ஓடியதற்கு முந்தைய நாள் நடந்தது அது.

அம்மா அன்று அழுதது என்னை மெச்சித்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.