அவருக்கென்று ஒரு தனிக் கொப்பி

சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்த தொண்டர் ஆசிரியை அவர். வெண்கட்டியில் கடதாசி சுற்றித்தான் பிடிப்பார். அப்படியும் கறுப்பு அபாயாவின் வலது கை வெள்ளையாகவே இருக்கும். நியமனம் இல்லாதவர் வரவு இடாப்பில் ஒப்பமிட முடியாது. அதனால் அவருக்கென்று ஒரு தனிக் கொப்பி வைத்திருந்தோம். ஐந்து வருடத்தில் ஒரு நாள் ஒப்பம்கூடத் தவறியதில்லை.

"பட்டம் இல்லாம நியமனம் கிடைக்காது டீச்சர். இத உட்டுப்போட்டுப் போய்ப் படிங்க" என்று சொன்னது அதிபராக இருந்த நான்தான். போனார். நாலு வருடத்தில் பட்டத்தோடு வந்தார்.

அந்த மாதம்தான் சுற்றறிக்கையும் வந்தது. ஆசிரியர் பற்றாக்குறையாம், பட்டம் வேண்டாம், உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தால் போதுமாம். ஆனால் தொண்டர் சேவை இடையில் முறிந்திருக்கக் கூடாது. அவர் விட்டுப்போன வகுப்பை அன்றிலிருந்து தொண்டராக எடுத்த பிள்ளைக்கு, அவரிடமே கணிதம் படித்தவளுக்கு, நியமனம் கிடைத்தது.

அவர் வந்து பழைய கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். கடைசி ஒப்பத்தின் கீழே, "சுயவிருப்பில் விலகினார்" என்று என் கையெழுத்து. எல்லோருக்கும் எழுதுகிற வசனம்தான்.

"என்ட விருப்பத்திலயா சேர் நான் போன?"

"இல்ல டீச்சர். நான் சொல்லித்தான்."

"அத எழுதித் தருவீங்களா?"

மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டி வருமே என்று பயந்து, மேசையில் பேனையைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தேன். பேனை என் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.